திருச்சி போகும்போது மட்டும் காருக்குள் காற்றிரைச்சல், திரும்பும்போது இல்லை: எங்கே தேடுவது?

நீடாமங்கலம்வாசி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என்னுடையது எட்டு ஆண்டுகள் ஆன டீசல் செடான். இதுவரை 92,000 கி.மீ. ஓடியிருக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வியாழக்கிழமைகளில், அப்பாவைத் திருச்சியில் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறேன். ஆனி மாதத் தொடக்கத்திலிருந்து ஒரு தொல்லை. தஞ்சாவூரைத் தாண்டி நான்குவழிச் சாலையில் வேகம் 70ஐத் தொட்டதும், முன் இடது கதவின் மேல்மூலைப் பக்கத்திலிருந்து இரைச்சல் கிளம்புகிறது. 80ஐ எட்டும்போது அந்த இரைச்சலுக்குள் மெல்லிய சீழ்க்கை ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. வல்லத்தைத் தாண்டிச் செங்கிப்பட்டியின் வெட்டவெளியில் போகும்போது பக்கத்தில் இருப்பவரிடம் பேசக் குரலை உயர்த்த வேண்டியிருக்கிறது.

அப்பாவுக்கு வயது 74. காதுக்கருவி அணிந்திருக்கிறார், முன் இடது இருக்கையில்தான் அமர்வார். அந்தக் கருவி பேச்சோடு இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கிக் கொடுப்பதால் அவரால் தாங்க முடிவதில்லை. வல்லம் வந்ததும் கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, திருச்சி வரும்வரை வெளியே பார்த்தபடியே வருகிறார். வீட்டில் பேரப்பிள்ளைகளுக்கு நடுவே நானும் அவரும் நிதானமாகப் பேசிக்கொள்ள வாய்ப்பே கிடைப்பதில்லை; இந்தப் பயணம்தான் எங்கள் இருவருக்கும் உரிய நேரமாக இருந்தது. ஆகவே இதைச் சிறிய தொல்லை என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

எனக்குப் புரியாத செய்தி என்னவென்றால், அதே நாள் மாலையில் அதே சாலையில் அதே வேகத்தில் திரும்பி வரும்போது இரைச்சல் ஏறக்குறைய இல்லை. ஒரு பட்டறையில் காட்டினேன். அவர்கள் தஞ்சாவூர் புறவழிச்சாலையில் கிழக்கு நோக்கி ஓட்டிப் பார்த்துவிட்டு, பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை என்றார்கள். நான் வற்புறுத்தியதால் நான்கு கதவுகளின் பீடிங்கையும் (வாசல் ஓரத்து ரப்பர் பட்டை) மாற்றினார்கள். 6,800 ரூபாய் ஆயிற்று. அதற்குப் பிறகு இரைச்சல் குறையவில்லை. கூடியிருக்கிறதோ என்றுகூடத் தோன்றுகிறது. கதவையும் முன்னைவிட அழுத்திச் சாத்த வேண்டியிருக்கிறது. இப்போது கதவுகளுக்குள் அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட் ஒட்டினால் சரியாகிவிடும் என்று வேறொருவர் சொல்கிறார். அதற்குப் பல ஆயிரம் ஆகும்.

வண்டிக்கு வேறு விபத்து எதுவும் இல்லை. மாசி மாதத்தில் வலங்கைமான் சாலையில் வைக்கோல் ஏற்றி வந்த டிராக்டர் டிரெய்லர் உரசி இடது சைடு மிரர் உடைந்து, புதிது மாற்றியதோடு சரி. அதற்குப் பிறகு நான்கு மாதங்கள் எந்தச் சத்தமும் கேட்டதில்லை. டேம்பிங்கிற்குப் பணம் கொடுப்பதற்கு முன்னால், இதை அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

திருவாரூர் கமலாலயக்கரை எழுதியது:

டேம்பிங் ஷீட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அதை நான் செய்து பார்த்திருக்கிறேன். கதவுத் தகடு அதிராமல் இருக்கவும், சாலைச் சத்தமும் டயர் சத்தமும் ஓரளவு அடங்கவும் அது உதவுகிறது. கதவைச் சாத்தும்போது வரும் ஒலியும் கனத்துவிடுகிறது. ஆனால் இடுக்கு வழியாக வருகிற காற்றுச் சத்தத்தை அது தொடவே தொடாது. என் வண்டியில் மற்றச் சத்தங்கள் குறைந்தவுடன், அதுவரை அவற்றுக்குள் மறைந்திருந்த சீழ்க்கை தனியாக நிமிர்ந்து நின்று முன்னைவிடத் தெளிவாகக் கேட்கத் தொடங்கியது. முதலில் இடுக்கைக் கண்டுபிடித்து அடையுங்கள்; அதற்குப் பிறகும் தேவைப்பட்டால் ஷீட்டைப் பற்றி யோசிக்கலாம்.

தஞ்சை இயற்பியல் ஆசிரியர் எழுதியது:

நண்பருக்கு வணக்கம். போகும்போது கேட்கிறது, திரும்பும்போது கேட்கவில்லை என்ற ஒரே வரியிலேயே உங்கள் கேள்விக்கான பாதி விடை இருக்கிறது. நீடாமங்கலம், தஞ்சாவூர், திருச்சி மூன்றும் ஏறத்தாழ ஒரே நேர்க்கோட்டில் கிழக்கு மேற்காக அமைந்த ஊர்கள். ஆனி பிறந்ததும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் மேற்குக் காற்று திருச்சியையும் நம் பகுதியையும் நேராகத் தாக்குகிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று நம்மூரில் சும்மா சொல்லவில்லை. காற்று மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வீசுவதாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 80இல் திருச்சியை நோக்கிப் போகும்போது உங்கள் வண்டி சந்திக்கிற காற்றின் வேகம் 110. திரும்பி வரும்போது வெறும் 50. வேகமானி இரண்டு முறையும் 80 என்றே காட்டுகிறது.

இந்த வேறுபாடு சிறியதன்று. விளிம்புகளிலும் புடைப்புகளிலும் மோதிப் பிறக்கிற காற்றிரைச்சலின் ஆற்றல், காற்று வேகத்தின் ஏறத்தாழ ஆறாம் அடுக்கின்படி உயர்கிறது. 80இலிருந்து 100க்குப் போனாலே இரைச்சலின் ஆற்றல் ஏறத்தாழ நான்கு மடங்காகிவிடும். 50க்கும் 110க்கும் இடையே அது நூறு மடங்கைத் தாண்டுகிறது. டெசிபல் கணக்கில் சுமார் 20. பத்து டெசிபல் கூடினால் நம் காதுக்கு இரு மடங்காகக் கேட்கும் என்பதால், காதளவில் இது நான்கு மடங்கு. இடுக்கு வழியாக வருகிற சத்தம் இதே அடுக்கில் உயர்வதில்லை, ஆனாலும் மிகக் கூர்மையாகத்தான் உயரும். பட்டறைக்காரர்கள் கிழக்கு நோக்கி ஓட்டினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு உண்மையிலேயே கேட்டிருக்காது.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. சத்தம் ஆனியில் தொடங்கியதால் கோளாறும் ஆனியில்தான் தொடங்கியது என்று எண்ணிவிடாதீர்கள். மாசியிலேயே உண்டான கோளாறாக இருந்து, மேற்குக் காற்று வந்தபிறகு அது வெளிப்பட்டிருக்கலாம். அந்த மிரரை நான் சந்தேகிக்கிறேன்.

காற்று எப்படிச் சத்தமாகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெளிக்காற்று வேகமாக உள்ளே புகுவதால்தான் சீழ்க்கை வருகிறது என்று பெரும்பாலோர் நினைக்கிறார்கள். நடப்பது பெரும்பாலும் அதற்கு நேர்மாறு. முன்கண்ணாடியில் மோதும் காற்று, அதன் ஓரத்தில் இருக்கிற தூணைச் சுற்றி வளைந்து கதவுப் பக்கம் திரும்பும்போது வேகம் பெறுகிறது. அங்கே அழுத்தம் குறைகிறது. உள்ளே அழுத்தம் அதிகம், வெளியே குறைவு. ஆகவே பெரும்பாலும் உள்ளிருக்கும் காற்றுதான் இடுக்கு வழியாக வெளியே உறிஞ்சப்படுகிறது. மணிக்கு 110 கி.மீ. வேகக் காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பில் கொடுக்கும் அழுத்தம் சுமார் 57 கிலோ எடைக்குச் சமம். கதவின் மேல் சட்டத்தை ஒரு கை வெளியே இழுத்துக்கொண்டே வருகிறது என்று நினைத்துப் பாருங்கள்; நிறுத்தி வைத்த வண்டியில் இறுக்கமாகத் தெரிகிற பீடிங், ஓடும்போது விலகக்கூடும்.

உங்கள் ஊரில் இருப்பவருக்கு ஒரு நல்ல வசதி உண்டு. நீடாமங்கலத்திலிருந்து கும்பகோணம் போகும் சாலையும் மன்னார்குடி போகும் சாலையும் வடக்குத் தெற்கானவை. மேற்குக் காற்று வீசும் பகல் பொழுதில் கும்பகோணம் பக்கம் போனால் காற்று வண்டியின் இடப்புறத்தில் மோதும். மன்னார்குடி பக்கம் போனால் வலப்புறத்தில் மோதும். காற்று மோதும் பக்கத்தைவிட அதற்கு எதிர்ப்புறத்தில்தான் தூணை ஒட்டிய சுழலும் உறிஞ்சலும் வலுவாக இருக்கும். உங்கள் கோளாறு உண்மையிலேயே இடது கதவில் இருந்தால், மன்னார்குடி போகும்போது சத்தம் கூட வேண்டும். சாலை குறுகலானது, 60க்கு மேல் போக வேண்டாம், அந்த வேகமே போதும்.

குடந்தை டிங்கர் எழுதியது:

ஆசிரியர் ஐயா சொன்னதைப் படித்தபிறகு, இருபத்தைந்து ஆண்டுகளாகக் கையால் மட்டுமே அறிந்திருந்த ஒன்றுக்குக் காரணம் தெரிந்தது, அவருக்கு நன்றி. தம்பி, தேடும் முறையை நான் சொல்கிறேன்.

முதலில் இது காற்றுச் சத்தம்தானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். காலியான நேரான சாலையில் 80இல் போகும்போது கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். எஞ்சினை அணைக்கவே கூடாது. அணைத்தால் பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் உள்ள உதவி நின்றுவிடும். சத்தம் மாறாமல் இருந்தால் எஞ்சின் இல்லை. தார்ச் சாலையிலிருந்து கான்கிரீட் சாலைக்கு மாறும்போது சத்தத்தின் தன்மை மாறினால் அது டயர். லேசாக இடமும் வலமும் வளைக்கும்போது உறுமல் கூடிக் குறைந்தால் வீல் பேரிங். உங்களுடையது போகும் திசையைப் பொறுத்து மாறுவதால் காற்று என்பதில் எனக்கு ஐயமில்லை. இருந்தாலும் இதைச் செய்து பார்க்க ஐந்து நிமிடம்தான் ஆகும்.

அடுத்தது டேப். பெயின்டர்கள் ஒட்டுகிற மாஸ்கிங் டேப் இரண்டு அங்குல அகலத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் டேப்பை ஒட்டினால் வெயிலில் பசை பெயின்டில் தங்கிவிடும். இடது முன்பக்கத்தில் உள்ள எல்லா இடுக்குகளையும் மூடுங்கள்: மிரர் அடிப்பாகத்தைச் சுற்றி, கதவின் மேல் விளிம்பு நெடுக, கதவுக்கும் தூணுக்கும் நடுவில், முன்கண்ணாடியின் ஓரம், கண்ணாடி ஏறி இறங்கும் சேனல். கண்ணாடியின் நடுவிலோ மிரர் முகத்திலோ பார்வையை மறைக்கும்படி ஒட்டக்கூடாது. அந்தக் கதவை ஒட்டி மூடிவிடுவதால் யாரும் இடது முன் இருக்கையில் உட்கார வேண்டாம். கூட வருபவர் பின்னால் உட்காரட்டும். இப்போது திருச்சி திசையில் ஓட்டுங்கள். சத்தம் போய்விட்டால் கோளாறு டேப்புக்கு அடியில் எங்கேயோ இருக்கிறது. பிறகு நிறுத்தி, ஓர் இடத்து டேப்பை மட்டும் உரித்துவிட்டு, மறுபடி அதே இடத்திலிருந்து அதே வேகத்தில் ஓட்டுங்கள். எந்த டேப்பை உரித்ததும் சத்தம் திரும்பி வருகிறதோ அந்த இடம்தான். ஒரே நேரத்தில் இரண்டு இடத்தை உரித்தால் செய்த வேலை வீண். ஆடியில் காற்று நேரத்துக்கு நேரம் மாறுவதால், விடியற்காலையில் காற்று அடங்கியிருக்கும்போது தொடங்கி ஒரே மூச்சில் முடித்துவிடுவது நல்லது. அப்போது எதிர்க்காற்று இருக்காது என்பதால் 80க்குப் பதில் 95, 100 வரை போக வேண்டியிருக்கலாம். நான்குவழிச் சாலையில் மட்டும், கூட ஒருவரை வைத்துக்கொண்டு செய்யுங்கள். ஓட்டுபவர் சாலையைப் பார்க்க வேண்டும். கேட்பது மற்றவர் வேலை.

வீட்டு வாசலிலேயே செய்யக்கூடியவையும் உண்டு. தினசரி நாட்காட்டியில் கிழித்த தாளை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து, கதவுக்கும் பீடிங்குக்கும் நடுவில் வைத்துச் சாத்தி இழுங்கள். எல்லா இடத்திலும் ஒரே பிடியாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே அழுத்தம் இல்லை. அடுத்து, முகத்துக்குப் போடுகிற பவுடரை பீடிங் மீது மெல்லத் தடவி, கதவை ஒருமுறை சாத்தித் திறந்தால், கதவின் பெயின்டில் வெள்ளைக் கோடு விழும். கோடு எங்கே அறுபடுகிறதோ, அங்கே ரப்பர் கதவைத் தொடவில்லை. மூன்றாவது வழி எனக்கு மிகவும் பிடித்தது. ஏ.சி.யின் புளோயரை முழு வேகத்தில் வைத்து, வெளிக்காற்று உள்ளே வரும் நிலையில் போட்டு, எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டு, வெளியிலிருந்து ஓர் ஊதுபத்தியை இடுக்கு ஓரமாக நகர்த்துங்கள். நேராக எழும் புகை ஓரிடத்தில் வெளிப்பக்கம் சிதறினால் உள்ளிருந்து காற்று வருகிறது. பின் பம்பர் பக்கம் காற்று வந்தால் பயப்பட வேண்டாம். உள்காற்று வெளியேற அங்கே இயல்பாகவே வழி வைத்திருப்பார்கள்.

கதவுக்கு மேல் மழைக்குத் தடுப்பாக ஒட்டும் டோர் வைசர் இருந்தாலோ, மேலே கேரியர் இருந்தாலோ, எதற்கும் முன்னால் அவற்றைக் கழற்றிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். என்னிடம் வந்த பல வண்டிகளுக்கு வைத்தியம் அத்தோடு முடிந்திருக்கிறது.

பட்டறையில் போட்ட புது பீடிங்கைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். அதன் இணைப்பு எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். வாசலைச் சுற்றி ஏறுகிற பீடிங் ஒரு வளையம். அதன் இரண்டு முனையும் சேரும் இடம் கீழே, காலை வைத்து ஏறும் படி அருகில் இருக்க வேண்டும்.

வேதாரண்யம் உப்புக்காற்று எழுதியது:

முன்கண்ணாடியையும் விட்டுவிட வேண்டாம். 2018 நவம்பரில் கஜா புயல் வீசியபோது தென்னை மட்டை விழுந்து என் வண்டியின் முன்கண்ணாடி உடைந்தது. புதுக் கண்ணாடி போட்ட பிறகு மேல் ஓரத்தில் இதே போன்ற சத்தம். மேலே டிங்கர் ஐயா சொன்னதுபோல் புளோயரைப் போட்டு, கண்ணாடி ஓரம் நெடுகச் சோப்பு நீரைத் தடவினோம். ஓரிடத்தில் மூன்று விரல் அகலத்துக்குக் குமிழ் குமிழாக வந்தது. ஒட்டும்போது அந்த இடத்தில் பசை விட்டுப்போயிருக்கிறது.

அப்படி இருந்தால் கடையில் கிடைக்கிற குளியலறை சிலிக்கானைப் பிதுக்கி அடைத்துவிடாதீர்கள். வினிகர் வாடை வருகிற சிலிக்கான் தகட்டில் துருவை உண்டாக்கும். அதைவிட முக்கியமானது, முன்கண்ணாடியை ஒட்டும் யூரித்தேன் பசை சத்தத்தைத் தடுப்பதற்காக மட்டும் போடப்படுவதில்லை. இடது பக்க ஏர்பேக் விரியும்போது அந்தக் கண்ணாடியைத்தான் தாங்கலாகக் கொள்கிறது, வண்டி உருண்டால் கூரையைத் தாங்கவும் அது உதவுகிறது. நாங்கள் கண்ணாடியை வெட்டி எடுத்து, பழைய பசையைச் சீவி, புதிதாக ஒட்டி, முழுதாகக் காயும்வரை வண்டியை எடுக்காமல் வைத்திருந்தோம்.

நீடாமங்கலம்வாசி எழுதியது:

எல்லோருக்கும் என் நன்றி. சனிக்கிழமை பகலில் காற்று நன்றாக வீசும்போது மன்னார்குடி சாலையிலும் கும்பகோணம் சாலையிலும் 60இல் ஓட்டிப் பார்த்தேன். ஆசிரியர் ஐயா சொன்னபடியே, மன்னார்குடி போகும்போது இடது மூலையில் தெளிவாகக் கேட்டது. கும்பகோணம் போகும்போது மிகக் குறைவு. கோளாறு இடப்பக்கம்தான்.

ஞாயிறு விடியற்காலை நாலரை மணிக்கு என் மைத்துனரைப் பின் இருக்கையில் உட்கார வைத்துக்கொண்டு தஞ்சாவூர் போய், டேப் சோதனையைச் செய்தோம். எல்லாவற்றையும் மூடியபிறகு 95இல் போனபோது வண்டி வேறு வண்டியாக இருந்தது. முதலில் முன்கண்ணாடி ஓரத்து டேப்பை எடுத்தோம், மாற்றம் இல்லை. சேனல் ரப்பர் மீதிருந்ததை எடுத்தோம், அப்போதும் இல்லை. மிரரைச் சுற்றியிருந்ததை எடுத்ததும் சீழ்க்கை வந்துவிட்டது, ஆனால் பெரிய இரைச்சல் வரவில்லை. மிரருக்கு மறுபடி டேப் ஒட்டிவிட்டு, கதவின் மேல் விளிம்பில் இருந்ததை எடுத்தோம். இப்போது இரைச்சல் வந்தது, சீழ்க்கை இல்லை. ஆக, இவ்வளவு நாளும் ஒன்று என்று நான் நினைத்தது இரண்டு சத்தம்.

வீட்டுக்கு வந்து உட்புறத்தில் மிரருக்குப் பின்னால் இருக்கும் முக்கோண மூடியைக் கழற்றிப் பார்த்தேன். மிரர் அடிப்பாகத்துக்கும் கதவுத் தகட்டுக்கும் நடுவில் கறுப்பாக எதுவும் இல்லை. பக்கவாட்டில் பார்த்தால் தெரு வெளிச்சம் ஒரு கீற்றாகத் தெரிந்தது. வலது பக்க மூடியையும் கழற்றி ஒப்பிட்டேன். அங்கே முக்கோண வடிவில் ஃபோம் பட்டை ஒன்று நசுங்கி உட்கார்ந்திருக்கிறது. மாசியில் மிரர் மாற்றியபோது இடப்பக்கத்துப் பட்டையைப் போடாமல் விட்டிருக்கிறார்கள்.

பீடிங்கின் இணைப்பைத் தேடினேன். இடது முன் வாசலில் அது மேலே, முன்தூணும் கூரையும் சேருகிற வளைவில் இருக்கிறது. இரண்டு முனைகளுக்கும் இடையே என் கட்டைவிரல் நகம் நிற்கும் அளவுக்கு இடைவெளி. நாட்காட்டித் தாள் அந்த இடத்தில் பிடியே இல்லாமல் வந்தது. அதற்குப் பக்கத்திலேயே வளைவில் பீடிங் மடிந்து தடித்திருப்பதால், அங்கே தாள் கிழிந்துவிட்டது. ஐயா, இதற்குப் புது பீடிங் வாங்க வேண்டுமா?

குடந்தை டிங்கர் எழுதியது:

புதிது வேண்டாம் தம்பி. ரப்பர் நல்லதாகவே இருக்கும். போட்ட கைதான் அவசரப்பட்டிருக்கிறது. பீடிங்கை முழுதாகக் கழற்றிவிடுங்கள். அது ஏறுகிற தகட்டு உதட்டைத் துணியால் துடைத்து, துரு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு இணைப்பு முனையைப் படியின் நடுவில் வைத்துத் தொடங்கி, இரண்டு பக்கமும் மேல்நோக்கி ஏற்றிக்கொண்டு போங்கள். ரப்பரை ஒருபோதும் இழுத்துப் பொருத்தக் கூடாது. இழுத்து மாட்டிய ரப்பர் சில நாளில் பழைய நீளத்துக்குச் சுருங்கும்; அப்போது முனைகள் விலகும், வளைவுகளில் மேலே எழும்பும். உங்கள் வண்டியில் நடந்திருப்பது அதுதான். ஒவ்வொரு சாணுக்கும் சற்றே நெருக்கிக் கொடுத்துக்கொண்டே போங்கள். வளைவுகளில் முதலில் விரலால் அழுத்தி, பிறகு ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டி உட்கார வையுங்கள். கடைசியில் முனைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கொஞ்சம் நீளம் மிஞ்சினால் உடனே வெட்டாதீர்கள். ஒரு நாள் வெயிலில் கிடந்து அமர்ந்த பிறகு பார்த்து வெட்டலாம். வெட்டியதை நீட்ட முடியாது.

மிரருக்கு, வலது பக்கப் பட்டையைத் தாளில் வரைந்து, அந்த அளவைத் திருப்பி வைத்து வெட்டிக்கொள்ளுங்கள். தண்ணீர் குடிக்காத ரப்பர் ஃபோம் ஷீட் 5 மி.மீ. கனத்தில் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். மெத்தைப் பஞ்சு போன்ற ஸ்பாஞ்சை வைத்தால் மழைநீரை உறிஞ்சித் தகட்டைத் துருப்பிடிக்க வைக்கும். மிரரின் நட்டுகளை ஒன்றையே முழுதாக இறுக்காமல், மூன்றையும் மாற்றி மாற்றி இறுக்குங்கள். அப்போதுதான் ஃபோம் எல்லாப் பக்கமும் ஒரே அளவாக நசுங்கும்.

இவை இரண்டும் முடிந்த பிறகும் மேல் விளிம்பில் தாள் தளர்வாக வந்தால் மட்டும் ஸ்ட்ரைக்கரைத் தொடுங்கள். தூணில் கதவைப் பிடிக்கிற அந்தக் கொக்கியைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு, திருகைத் தளர்த்தி, அரை மில்லிமீட்டர் உள்ளே தள்ளுங்கள். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போகவே கூடாது. மேலும் கீழும் நகர்ந்துவிட்டால் கதவு சாத்தும்போது தூக்கிக்கொள்ளும்.

கடைசியாக, எல்லா பீடிங்கிலும் சிலிக்கான் கிரீஸை விரலில் தொட்டு, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு மெல்லத் தடவுங்கள். எஞ்சின் ஆயிலும் சாதாரண கிரீஸும் இந்த ரப்பரை ஊதிப் போகச் செய்யும்.

நீடாமங்கலம்வாசி எழுதியது:

செவ்வாய்க்கிழமை மாலை இரண்டு வேலையையும் முடித்தேன். பீடிங்கை மறுபடி ஏற்ற இரண்டு மணி நேரம் ஆயிற்று. வளைவில் மடிந்திருந்த பகுதி தானாகவே நிமிர்ந்துகொண்டது. இப்போது கதவு பழையபடி ஒரு விரல் தள்ளலில் சாத்திக்கொள்கிறது. நாட்காட்டித் தாள் எல்லா இடத்திலும் ஒரே பிடியாக வருகிறது. ஆகவே ஸ்ட்ரைக்கரைத் தொடவில்லை. ஃபோம் ஷீட்டுக்கும் சிலிக்கான் கிரீஸுக்கும் சேர்த்து 310 ரூபாய்தான் செலவு.

இன்று வியாழன். காலை ஒன்பது மணிக்கு, எதிர்க்காற்று சாலையோர மரங்களை வளைத்துக்கொண்டிருந்தபோது, 80இல் செங்கிப்பட்டியைக் கடந்தோம். சீழ்க்கை அறவே இல்லை. இரைச்சல் முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். மிரர்களைச் சுற்றி இரண்டு பக்கமும் ஒரே அளவாக ஒரு மெல்லிய காற்றொலி இருக்கிறது. வண்டியின் வடிவத்தால் வருவதாக எண்ணி அதை விட்டுவிட்டேன். அப்பா காதுக்கருவியைக் கழற்றவில்லை. துவாக்குடி வரும்வரை, 1977இல் தாத்தாவோடு இதே சாலையில் மாட்டு வண்டியில் நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு போன கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு அது தெரியாத கதை.

மற்ற மூன்று கதவுகளிலும் பார்த்தேன். பின் இடது வாசலிலும் இணைப்பு மேலேதான் இருக்கிறது. அங்கிருந்து சத்தம் எதுவும் வரவில்லை. அதையும் மாற்ற வேண்டுமா, ஐயா?

குடந்தை டிங்கர் எழுதியது:

மாற்றிவிடுங்கள். பின்கதவுப் பக்கம் காற்றின் உறிஞ்சல் குறைவு என்பதால் சத்தம் வராமல் இருக்கலாம், ஆனால் மேலே இருக்கிற இடைவெளிக்குள் தண்ணீர் எளிதாக இறங்கும். ஐப்பசியில் மழை கிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும்போது அது கூரைத் துணி வழியாக இறங்கி இருக்கைக்கு அடியில் போய்த் தங்கும். தரைவிரிப்பைத் தூக்கிப் பார்க்கும்வரை தெரியாது. அவசரம் ஒன்றுமில்லை, புரட்டாசிக்குள் செய்தால் போதும். அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.